அண்ணன் மகள் கணினியும் தம்பி மகன் கணினியும்



2025-ஆம் ஆண்டு ஆடித் திங்களில் ஒரு ஞாயிறு மாலை, சங்கரன்கோவில் வட்டாரத்து ராயகிரியில் ஓர் இல்லத்தில் அன்பியக் கூட்டம் நடைபெற்றது. மலைப்பக்கமிருந்து வீசிய காற்று தெருப்புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. செபமாலை முடிந்தது, இறைவார்த்தைப் பகிர்வும் முடிந்தது, சுக்குக் காப்பி வந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் திண்ணையில் அருகருகே அமர்ந்து எலுமிச்சை விலையையும் மழையையும் பற்றி ஓயாது பேசும் உடன்பிறந்தார் இருவர், அன்று ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காமல், அண்ணன் வாசற்படியிலும் தம்பி கிணற்றடியிலுமாக நின்றதைக் கண்டோம். என்னவோ நேர்ந்துவிட்டது என்று மனம் துணுக்குற்றது.

காரணம் நிலமன்று, வரப்பன்று, பெற்றோர் விட்டுச் சென்ற வீடுமன்று. இரண்டு மடிக்கணினிகள்!

அண்ணன் ராயகிரியிலேயே எலுமிச்சைத் தோட்டம் வைத்துப் புளியங்குடிச் சந்தைக்குக் காய் அனுப்புபவர். தம்பி சங்கரன்கோவிலில் நான்கு விசைத்தறி ஓட்டுபவர். அண்ணன் மகள் கோயம்புத்தூரில் கட்டடக்கலை பயில்கிறாள். தம்பி மகன் பொறியியல் கல்லூரி மாணவன். இருவருக்கும் ஒரே சமயத்தில் கணினி தேவைப்பட்டது. கட்டடத்தின் வரைபடத்தைத் திரையில் முப்பரிமாணமாக எழுப்பி, வெயிலும் நிழலும் விழுவது போலத் தீட்டிக் காட்ட வேண்டும் என்கிறார்களாம் பேராசிரியர்கள். அதற்குச் சாதாரணக் கணினி திணறும். விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் ‘கேமிங் லேப்டாப்’ வகையே ஏற்றது என்றார்கள். அண்ணன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 85,000 ரூபாய் திரட்டித் தம்பி கையில் கொடுத்தார். கடைகண்ணி தெரிந்த தம்பி ஒரே நாளில், ஒரே கடையில், இரண்டையும் வாங்கி வந்தார். இரண்டின் மேலும் ஒரே முத்திரை: என்விடியா நிறுவனத்தின் ‘ஆர்.டி.எக்ஸ். 4060’ என்னும் கிராபிக்ஸ் சில்லு.

விடுமுறையில் பிள்ளைகள் இருவரும் ராயகிரியில் கூடினார்கள். ஒரே கட்டடப் படத்தை இருவர் கணினியிலும் தீட்டிப் பார்த்திருக்கிறார்கள். தம்பி மகன் கணினி 20 நிமிடத்தில் முடித்தது. அண்ணன் மகளுடையது 25 நிமிடம் எடுத்துக்கொண்டது. “உன் மகனுக்கு நல்லதை எடுத்துக்கொண்டு என் மகளுக்குக் கழிவைத் தள்ளிவிட்டாயே” என்று அண்ணன் ஒரு சொல் சொன்னார். அவ்வளவுதான். இரண்டு வாரமாகப் பேச்சில்லை.

“சாமி, ஒரே பெயர், ஒரே சில்லு. ஒன்று ஓடுகிறது, ஒன்று நொண்டுகிறது. இது அநியாயம் இல்லையா?” என்று அண்ணன் நம்மிடம் கேட்டபோது, நமக்கும் அது அநியாயமாகவே பட்டது. தம்பியைத் தனியே அழைத்து, உடன்பிறந்தவனுக்கு அளந்து கொடுக்கும் மரக்காலில் குறை வைக்கலாகாது என்று, பிரசங்க மேடையில் பேசும் குரலிலேயே, சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டோம். அவர் மறுத்துப் பேசவில்லை. “நீங்களே இப்படி நினைத்தால் நான் என்ன சொல்ல, சாமி” என்று மட்டும் சொல்லி, காப்பியைக் கையில் வாங்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் காப்பி ஆறிப்போய்த் திண்ணையில் இருந்தது இரவெல்லாம் நம் நினைவை விட்டு அகலவில்லை. பெயரைக் கொண்டு பொருளை அளக்காதே என்பது குருமடத்துத் தத்துவ வகுப்பில் முதலாண்டிலேயே சொல்லித் தரப்படும் பாடம். தேர்வில் அதை எழுதித் தேறினோம். ராயகிரித் திண்ணையில் தவறினோம்.

மறுநாள், தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலுள்ள சோஹோ அலுவலகத்தில் பணியாற்றும் நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவரை அழைத்து விசாரித்தோம். அவர் கேட்ட முதற் கேள்வியே நம்மைத் திகைக்க வைத்தது: “சாமி, பெயர் இருக்கட்டும். எத்தனை வாட்?”

பெரும்பாலான குடும்பங்களில் இக்கேள்வி எழுவதேயில்லை. மின்விசிறிக்கும் குண்டு பல்புக்கும் வாட் பார்த்து வாங்கியவர்கள்தாம் நாம். ஆயினும் லட்சத்தை எட்டும் விலையில் கணினி வாங்கும்போது பெயரையும் எண்ணையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மடிக்கணினிகளில் வந்த இந்த 4060 சில்லை, அதைச் செய்யும் நிறுவனமே 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் இயங்கும்படி விற்கிறது. எவ்வளவு மின்சாரம் ஊட்டுவது என்று தீர்மானிப்பவர் கணினியைக் கட்டமைக்கும் நிறுவனத்தார். பெட்டி மெலிதாக இருந்தால் வெப்பத்தை வெளியேற்ற இடமில்லை; ஆகவே குறைவாக ஊட்டுவர். பெட்டி தடித்து, விசிறியும் செம்புக் குழாய்களும் பெரிதாக இருந்தால் முழுவதும் ஊட்டுவர். முத்திரையோ இரண்டிலும் ஒன்றே. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவனுக்கு ஒரு வேளைக் கஞ்சியும் மற்றவனுக்கு மூவேளைச் சோறும் கொடுத்துவிட்டு ஓட்டப்பந்தயம் வைப்பது போன்றது இது.

முன்னாளில் இத்தனை குழப்பமில்லை என்றார் அவர். மடிக்கணினிச் சில்லின் பெயரோடு ‘எம்’ என்ற எழுத்தைச் சேர்த்து, இது மேசைக் கணினியின் சில்லைவிட மெலிந்தது என்று காட்டிவந்தார்கள். 2016-இல் வந்த வரிசையோடு அவ்வெழுத்து போயிற்று. 2017-இல் ‘மேக்ஸ்-கியூ’ என்றொரு பெயரோடு, மெல்லிய பெட்டிக்கு ஏற்ப மின்சாரத்தைச் சுருக்கிய சில்லுகள் வந்தன. மேக்ஸ்-கியூ என்பது ராக்கெட்காரர்களின் சொல். ராக்கெட் மேலெழும்போது காற்றின் அழுத்தம் அதன்மேல் உச்சமாகும் கட்டத்தைக் குறிப்பது. அக்கட்டத்தில் பல ராக்கெட்டுகள் தம் உந்துவிசையைச் சற்றே தணித்துக்கொண்டு கடக்குமாம். நம் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் ராக்கெட் இயந்திரங்களைச் சோதிப்பவர்களுக்கு இது பழகிய சொல்லாக இருக்கும், நமக்குப் புதிது. நிற்க. 2021-இல் வந்த வரிசையில் அந்த அடையாளமும் சில்லின் பெயரிலிருந்து நீங்கிற்று. வாங்குவோர் முணுமுணுத்தனர். அதன்பின், வாட் அளவைத் தத்தம் விற்பனைப் பக்கங்களில் வெளியிடுமாறு அந்நிறுவனம் கணினி தயாரிப்போரைக் கேட்டுக்கொண்டது. வெளியிடுகிறார்கள், ஆனால் எங்கோ ஒரு மூலையில், எறும்பு எழுத்தில். கடைக்காரர் அதைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘4090’ என்ற பெயரில் மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் ஆளுக்கொரு சில்லு உண்டு. மேசைக்குரியது 450 வாட் உண்பது. அதில் 16,384 கணக்கிடும் கூறுகள் உள்ளன. மடிக்குரியதில் 9,728 கூறுகளே; உண்பது 150 வாட்டளவு. ஞானஸ்நானப் பெயர் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்றாகிவிடுவாரா? நம் ஊர்களில் தெருவுக்கு நாலு அந்தோணி உண்டு.

சரி, குறைந்த மின்சாரம் பெறும் சில்லு ஏமாற்றுச் சரக்குதானா? இங்கேதான் நம் கணக்கு தலைகீழாயிற்று.

ஆடி ஆவணியில் எதிர்க்காற்றில் மிதிவண்டி மிதித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்றுக்கு எதிரே மெல்லப் போனால் போய்விடலாம். கொஞ்சம் வேகம் கூட்டுவோம் என்று முனைந்தால் தொடை கழன்றுவிடும். காற்றைக் கிழித்துச் செல்லத் தேவையான ஆற்றல் வேகத்தோடு சமமாக ஏறாது, மும்மடியாக ஏறும். காற்றில்லாத நாளில்கூட, காற்றுத்தடையை மட்டும் கணக்கில் கொண்டால், வேகத்தை இருமடங்காக்க எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். சங்கரன்கோவில், தேவர்குளம் பக்கத்துக் காற்றாலைகளுக்கும் இதே விதிதான். காற்று இருமடங்கு வேகமாய் அடித்தால் அதனிடம் எட்டு மடங்கு ஆற்றல் இருக்கும்.

கணினிச் சில்லும் ஏறக்குறைய இவ்வாறே நடந்துகொள்கிறது. அது உண்ணும் மின்சாரம், நொடிக்கு எத்தனை முறை அது துடிக்கிறது என்பதையும், ஊட்டப்படும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகமாகத் துடிக்க வைக்க வேண்டுமாயின் மின்னழுத்தத்தையும் கூட்டியே ஆக வேண்டும். ஆகவே இரண்டும் சேர்ந்து மும்மடியாகிவிடுகிறது. துடிப்பையும் மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள்: 0.9-ஐ மும்முறை பெருக்கினால் 0.729. வேகத்தில் 10 விழுக்காடு போகிறது. மின்செலவில் 27 விழுக்காடு மிச்சமாகிறது. உச்சிக்கு அருகில் கடைசிப் பிடி வேகத்திற்காகக் கொட்டப்படும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பத்தைத்தான் கூட்டுகிறது. 4060 சில்லுக்கு 100 வாட்டுக்கு மேல் ஊட்டினாலும் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்பது சோதித்துப் பார்த்தவர்களின் அனுபவம்.

இதை எல்லாம் தெரிந்துகொண்ட பின், அடுத்த ஞாயிறு, அந்த இளைஞரையும் உடனழைத்துக்கொண்டு ராயகிரிக்குச் சென்றோம். தம்பியையும் மகனோடு வரச் சொல்லியிருந்தோம். வந்தார், ஆனால் திண்ணையில் ஏறவில்லை.

சில்லு எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்பதைத் திரையின் மூலையில் காட்டும் ஏற்பாடு உண்டாம். அதை வைத்து, பிள்ளைகள் இருவரையும் அதே கட்டடப் படத்தை மீண்டும் தீட்டச் சொன்னோம். தடித்த கணினியின் விசிறி, தறிக்கூடம் போல இரைந்தது. அதன் சில்லு 115 வாட் உண்டு 20 நிமிடத்தில் முடித்தது. மெல்லிய கணினியின் சில்லு 60 வாட்டிலேயே நின்று 25 நிமிடத்தில் முடித்தது. அதுவரை எல்லாரும் கடிகாரத்தை மட்டுமே பார்த்திருந்தார்கள். அந்த இளைஞர் ஒரு தாளை எடுத்துப் பெருக்கிக் காட்டினார். 115 வாட்டில் 20 நிமிடம் என்பது ஏறத்தாழ 38 வாட்-மணி. 60 வாட்டில் 25 நிமிடம் என்பது 25 வாட்-மணி. ஒரே வேலையை, மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான மின்சாரத்தை மிச்சப்படுத்தி முடித்தது, ‘கழிவு’ என்று பெயர் பெற்ற அந்தக் கணினி!

அண்ணன் தாளை வாங்கி இருமுறை பார்த்தார். தோட்டத்து மோட்டார் கணக்கு அறிந்தவராதலால் சட்டென்று புரிந்துகொண்டார். ஆயினும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “மிச்சம் சரி சாமி. நேரம் போகிறதே?” என்றார். நியாயமான கேள்வி. இரவு பகலாக நூறு படம் தீட்டி விற்கும் தொழிற்கூடத்தார்க்கு 5 நிமிடம் பெரிது. தடித்த பெட்டியே அவர்களுக்குத் தகும். விடுதியில் தங்கி, கணினியைத் தோளில் சுமந்து, கோயம்புத்தூருக்கும் ராயகிரிக்குமாகப் பேருந்தில் அலையும் பெண்பிள்ளைக்கு எது தகும் என்பது வேறு கேள்வி. அதைத் தம்பி கடையிலேயே யோசித்திருக்கிறார்.

அப்போது மகன்தான் வாயைத் திறந்தான். “பெரியப்பா, அக்காவுடையதுதான் விலை அதிகம்” என்றான். தம்பி அவனை அதட்டினார். நாம் ரசீதைக் காட்டும்படி வற்புறுத்தினோம். மெல்லிய கணினி 92,000 ரூபாய், தடித்தது 84,000. எடை குறைவாக, வெப்பம் குறைவாகச் செய்வதற்கு விலை கூடுதல் என்பது உலக வழக்கம். அண்ணன் கொடுத்ததோ 85,000. மீதி 7,000 ரூபாயைத் தம்பி தம் கையிலிருந்து போட்டு, அதைப்பற்றி எவரிடமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார்.

அங்கே நிலவிய அமைதியை எழுத நமக்குச் சொல் போதாது. பிறருடைய குற்றங்களைக் கேட்டு மன்னிப்பு வழங்கும் இருக்கையில் அமர்ந்து பழகிய நமக்கு, அன்று திண்ணையிலிருந்து இறங்கிப் போய் முற்றத்தில் நின்ற அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கும் முறை வந்தது. கேட்டோம். “விடுங்க சாமி, தெரியாமத்தானே” என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் காப்பி எடுத்துவரச் சொன்னார்.

இனி, கணினி வாங்கப்போகும் குடும்பங்களுக்குச் சில செய்திகள். கடைக்காரரிடம் சில்லின் பெயரோடு நில்லாமல் ‘டி.ஜி.பி. எத்தனை வாட்’ என்று கேளுங்கள். சில்லுக்கு ஊட்டப்படும் மின்சாரத்தின் உச்ச அளவு அது. புதிய வரிசைச் சில்லு, அதே வாட்டில் பழையதைவிடக் கூடுதல் வேலை செய்யும். 2021-இல் வந்த 3060 சாம்சங் நிறுவனத்தின் 8 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. 4060 தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில், அதனினும் நுண்ணிய முறையில் செய்யப்படுவது. ஆகவே பழைய சரக்கை விலை குறைவு என்று வாங்குவோர் மின்கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நலம்.

நம் கிராமத்து வீடுகளுக்கு இன்வெர்ட்டர் கணக்கும் உண்டு. 2012-இல் நாளெல்லாம் மின்சாரமின்றித் தவித்தபோது வாங்கி வைத்த பழக்கம் இன்றும் பல வீடுகளில் தொடர்கிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் பெயரளவில் 1,800 வாட்-மணி இருக்கும். கைக்குக் கிடைப்பது 1,200 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு விசிறியும் சில விளக்குகளுமாக 100 வாட் ஓடினால் 12 மணி நேரம் தாங்கும். அதோடு முழு வேகத்தில் ஓடும் தடித்த கணினியை மாட்டினால், கணினி முழுவதுமாக 190 வாட் என்று கொள்வோம், 4 மணி நேரத்தில் வீடு இருண்டுவிடும். 110 வாட்டில் நிற்கும் கணினியாயின் ஏறக்குறைய 6 மணி நேரம். மின்கட்டணமும் அப்படியே. நாளொன்றுக்கு 4 மணி நேரம், இரண்டு மாதக் கணக்குக்கு 240 மணி நேரம்: முதலாவது 45 யூனிட்டுக்கு மேல் தின்னும், இரண்டாவது 26 யூனிட். 2016-இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் கட்டணமின்றி என்று வந்தபோது நாம் மகிழ்ந்தோமே, அதில் ஏறக்குறையப் பாதியைப் பிள்ளையின் விளையாட்டு ஒன்றே விழுங்கிவிடும்.

கணினியின் சொந்தப் பேட்டரியை நம்புவதும் பயனற்றது. விமானத்தில் தடையின்றிக் கொண்டுசெல்லப் பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும் என்பதால், பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குமேல் வைப்பதில்லை. 150 வாட்டுக்கு மேல் உண்ணும் கணினி அதைக் கொண்டு முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் மின்கம்பியைப் பிடுங்கியவுடன் அது தானே வேகத்தைச் சுருக்கிக்கொள்கிறது. பழுதென்று கடைக்கு ஓட வேண்டாம்.

தடித்த கணினி வாங்கிவிட்டோரும் வருந்த வேண்டியதில்லை. பெரும்பாலான கணினிகளில் ‘அமைதி’ நிலை ஒன்று உண்டு. அதைத் தொட்டால் வாட் இறங்கும். விளையாட்டில் நொடிக்கு எத்தனை படம் வரைவது என்று வரம்பும் கட்டலாம். திரைப்படம் நொடிக்கு 24 படங்களில் நம்மை அழவும் சிரிக்கவும் வைத்துவிடுகிறது. விளையாட்டுக்கு 144 வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள். 60 என்று கட்டினால் சில்லு பாதி நேரம் இளைப்பாறும். காற்றுத்துளையில் படியும் பஞ்சுத் தூசியையும் மாதம் ஒருமுறை துடையுங்கள். தம்பி வீட்டுக் கணினியின் விசிறியிலிருந்து அந்த இளைஞர் எடுத்த பஞ்சு, ஒரு விளக்குத்திரிக்குப் போதுமானதாக இருந்தது.

விளையாட்டே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோவால் புனிதராக உயர்த்தப்பெற்ற கார்லோ அக்குதிஸ், கணினி நிரல் எழுதத் தெரிந்த இத்தாலியச் சிறுவர். 2006-இல் தம் 15-ஆம் வயதில் மரித்தவர். அவரிடமும் பிளேஸ்டேஷன் இருந்தது. வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு வைத்துக்கொண்டார் என்கிறது அவர் வரலாறு. இதைத் தம்பி மகனிடம் சொன்னோம். “ஒரு மணி நேரமா, சாமி! ஒரு நாளைக்கா?” என்று கேட்டான். வாரத்திற்கு என்றோம். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அக்காள் சிரித்துவிட்டாள். கடைசியில், தன் கணினியின் சில்லை 80 வாட்டோடு நிறுத்திக்கொள்ள மட்டும் சம்மதித்தான். நிறுத்தி, அதே படத்தைத் தீட்டிப் பார்த்தான், 22 நிமிடம். விசிறியின் இரைச்சல் அடங்கி, உள்ளே பாட்டி செபம் சொல்வது காதில் விழுந்தது.

இருட்டும் வேளையில் காற்றுக்கு எங்கோ கம்பி அறுந்து தெரு முழுவதும் மின்சாரம் நின்றது. இன்வெர்ட்டர் ‘டிக்’ என்று விழித்துக்கொண்டது. அண்ணன், உள்ளே ஓடிக்கொண்டிருந்த இரண்டு கணினிகளையும் எட்டிப் பார்த்துவிட்டு, திண்ணையில் தமக்கு அருகே இடம் ஒதுக்கி, “வா, உட்கார். காற்று அடங்கட்டும், அப்புறம் போகலாம்” என்று தம்பியிடம் சொன்னார்.